டார்ஜிலிங்கின் 31ஆம் எண் எஞ்சின்

மலையேறும் இருப்புப்பாதைக்குப் பகை இரண்டு. ஒன்று ஏற்றம், மற்றொன்று வளைவு. ஏற்றத்தை வெல்ல உந்துசக்கரங்கள் பல வேண்டும். சக்கரங்கள் பெருகினால் எஞ்சின் நீளும். நீண்ட எஞ்சினோ குறுகிய வளைவில் திரும்பாது. ஒன்றை வென்றால் மற்றொன்றிடம் தோற்க வேண்டிய இந்த நிலையிலிருந்து மீளவே, உடலின் இடையில் மூட்டு வைத்த நீராவி எஞ்சினைப் பொறியாளர்கள் கண்டனர்.

முதலில் வந்தவர் ராபர்ட் ஃபேர்லி. இரு கொதிகலன்களை முதுகோடு முதுகு சேர்த்து, அடியில் திரும்பும் சட்டகங்கள் இரண்டை அமைத்து, 1864இல் அவர் காப்புரிமை பெற்றார். 1884இல் அனத்தோல் மாலே, பின்சட்டகத்தை நிலையாக வைத்து முன்சட்டகத்தை மட்டும் அசையவிட்டார். ஒருமுறை உழைத்த நீராவியையே மறுமுறையும் உழைக்கச் செய்தார். மூன்றாமவர் ஹெர்பர்ட் வில்லியம் காரட். 1907இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பே மூன்றினும் எளியது.

காரட்டின் எஞ்சினைப் பல்லக்கு எனலாம். முன்னும் பின்னும் பல்லக்குத் தூக்கிகளாக இரண்டு எஞ்சின் பகுதிகள். இடையில் தொங்கும் பல்லக்காகக் கொதிகலன். குறுகிய தெருவில் முன்னவரும் பின்னவரும் தத்தம் போக்கில் திரும்ப, பல்லக்கு வளைவின் உட்புறமாகச் சாய்ந்து நேர்கோட்டில் செல்வதுபோலவே இதுவும் செல்லும். கொதிகலனின் அடியில் சக்கரங்கள் இல்லாமையால் அதைக் குட்டையாகவும் பருமனாகவும் அமைக்கலாம். நெருப்பறையை அகலமாகவும் ஆழமாகவும் ஆக்கலாம். நீரும் நிலக்கரியும் சக்கரங்களின்மீதே அமர்வதால் அந்தச் சுமையும் பிடிமானமாகிறது. குறையும் அங்கேதான் உள்ளது. நீரும் கரியும் செலவாகச் செலவாகச் சக்கரத்தின்மீதுள்ள பாரம் குறையும், வழுக்கல் தொடங்கும். அசையும் மூட்டுகளின் வழியே நீராவியைக் கசியாமல் கொண்டுசெல்வதும் எளிதன்று.

கொங்கு நாட்டு மக்களுக்கு மான்செஸ்டர் என்றால் பஞ்சும் நூலும் நினைவுக்கு வரும். கோவைக்குத் தென்னிந்திய மான்செஸ்டர் என்ற பெயரே உண்டு. அந்த மான்செஸ்டரின் கோர்ட்டன் பகுதியில் இருந்த பேயர் பீகாக் தொழிற்சாலையில்தான் காரட் எஞ்சின் பிறந்தது. 1909இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு இரண்டு சிறு எஞ்சின்கள் அங்கிருந்து சென்றன. அடுத்து அதே இரண்டடிப் பாதைக்கென ஒன்று உருவாகி, 1911இல் இமயத்தின் அடிவாரத்துக்கு வந்தது. டார்ஜிலிங் இமாலய ரயில்வே அதற்கு இட்ட எண் 31, வகை டி. அந்த வகையில் அது ஒன்றே ஒன்றுதான்.

1881இல் டார்ஜிலிங்கை எட்டிய அப்பாதையில் நான்கு சக்கரங்கள் மட்டுமே கொண்ட பி வகை எஞ்சின்கள் உழைத்துவந்தன. புதிய எஞ்சினுக்கு உந்துசக்கரங்கள் எட்டு; இரண்டு எஞ்சின்களின் வேலையை ஒன்றே செய்யும் என்பது கணக்கு. ஆயினும் மலைப்பாதைக்கு வேறொரு கணக்கு இருந்தது. கண்ணிபோலச் சுழலும் வளைவுகளும், வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்து ஏறவேண்டிய திருப்புமுனைகளும் அமைந்த பாதை அது. திருப்புமுனையின் நீளமே வண்டித்தொடரின் நீளத்தை வரையறுக்கும். பெட்டிகளை மிகுதியாகச் சேர்க்க இடமில்லாத இடத்தில் மிகுந்த வலிமைக்குப் பயன் குறைவு. டி வகையில் இரண்டாவது எஞ்சின் வரவேயில்லை. பி வகையோ 1889 முதல் 1927 வரை 34 எஞ்சின்களாகப் பெருகியது. 31ஆம் எண் எஞ்சின் 1954இல் உடைக்கப்பட்டது.

இதைக் கொண்டு காரட்டின் கருத்தே தோற்றதென முடிவு கட்டுதல் பிழை. 1925இல் வங்காள நாகபுரி ரயில்வே அகலப்பாதையில் இரண்டு காரட் எஞ்சின்களைச் சோதித்தது. அதன் பயனாக 1929-30இல் என் வகை எஞ்சின்கள் 16 வந்தன. ஒவ்வொன்றும் 234 டன் எடை. அவற்றுள் 815ஆம் எண் எஞ்சின் தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. 811ஆம் எண் எஞ்சின் கரக்பூர்ப் பணிமனையில் சீர்செய்யப்பட்டு 2006இல் மீண்டும் ஓடியது. இலங்கையிலும் இதே வரலாறுதான். மலையகத் தோட்டங்களில் தமிழர் உழைப்பில் விளைந்த தேயிலை கொழும்புக்கு இறங்கிவந்த பாதையில் கடுகண்ணாவை ஏற்றம் கடுமையானது. 1927இல் அங்கே ஒரேயொரு காரட் எஞ்சின் சோதனைக்கு வந்தது. 1945இல் மேலும் எட்டு வந்தன.

நம் அண்டையிலுள்ள நீலகிரி மலைப்பாதை வேறு விடை கண்டது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் சக்கரத்தின் பிடிமானம் மட்டும் போதாது. ஆகவே பற்சட்டம் பதிக்கப்பட்டது. 1914 முதல் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்த எக்ஸ் வகை எஞ்சின்களில் உருளைகள் நான்கு. இரண்டு சக்கரங்களை உந்தும். அவற்றில் உழைத்துவந்த நீராவியைக் கொண்டே மற்ற இரண்டும் பற்சக்கரத்தைச் சுழற்றும். இங்கே மூட்டு வைத்து உடலை வளைக்கவில்லை. ஒரே உடலில் இரு எஞ்சின்களை அடக்கினர்.

ஆக, ஒரு கண்டுபிடிப்பின் தகுதியை அது மட்டும் முடிவுசெய்வதில்லை. அது ஓடவேண்டிய பாதையும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. டாஸ்மேனியாவுக்குச் சென்ற முதல் எஞ்சினான கே1, 1947இல் தன்னை ஈன்ற தொழிற்சாலைக்கே திரும்பியது. 1966இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டபோதும் அழியாமல் வேல்சுக்குச் சென்று, புத்துயிர் பெற்று ஓடியது. அதற்கு இளைய உடன்பிறப்பான 31ஆம் எண்ணைக் காக்க எவரும் முன்வரவில்லை. 1954இல் அது பழைய இரும்பாக மட்டுமே மதிக்கப்பட்டது. 1999இல் டார்ஜிலிங் பாதை உலக மரபுச்சின்னமானபோது, அங்கு வந்த முதல் மூட்டு எஞ்சினைக் காட்ட ஒளிப்படங்களும் வரைபடங்களுமே எஞ்சியிருந்தன.