திவால் மனுவும் இரண்டு வகுப்புகளும்: அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவது நபி (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது (புகாரி). அடைக்க வழியே இல்லாமல் போனவருக்கு அமெரிக்கச் சட்டம் திவால் மனு என்ற வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்குப் பிறகு, தனிநபர்கள் அந்த வாசலைக் கடக்க இரண்டு வகுப்புகளை முடித்தாக வேண்டும்.

முதலாவது, கடன் ஆலோசனை. மனு தாக்கல் செய்வதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் இதைப் பெற வேண்டும். நேரிலோ, தொலைபேசியிலோ, இணையத்திலோ பெறலாம். வரவு, செலவு, கடன் மூன்றையும் ஆராய்ந்து, திவாலைத் தவிர வேறு வழி உண்டா என்று ஆலோசகர் பார்ப்பார். அவர் சொல்லும் திட்டத்தை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, நிதி மேலாண்மைப் பாடம். மனு தாக்கலான பிறகே இதைப் படிக்க வேண்டும். சாப்டர் 7 வழக்கில், கடன் கொடுத்தோர் கூட்டத்திற்கு முதலில் குறிக்கப்பட்ட தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் சான்றிதழ் நீதிமன்றத்தைச் சேர வேண்டும். சாப்டர் 13 வழக்கில், கடைசித் தவணை செலுத்துவதற்குள் சேர வேண்டும். இதைத் தவறவிட்டால் கடன் விடுவிப்பு கிடைக்காமலேயே வழக்கு முடிக்கப்படலாம். பலர் சறுக்கும் இடம் இதுதான்.

கணவன் மனைவி சேர்ந்து மனுச் செய்தாலும் இருவருக்கும் தனித்தனிச் சான்றிதழ் தேவை. வகுப்பு நடத்தும் நிறுவனம் யு.எஸ். டிரஸ்டி அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அலபாமா, வட கரோலினா மாநிலங்களில் மட்டும் திவால் நிர்வாகிகள் அங்கீகாரம் தருகிறார்கள். கட்டணம் செலுத்த இயலாதவருக்கு விலக்கு உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது? நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் திருக்குர்ஆன், கடனைத் தர்மமாக விட்டுவிடுவதே சிறந்தது என்கிறது (2:280). வாங்கிய பழங்களில் நஷ்டமடைந்து கடனில் மூழ்கிய ஒருவருக்குத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் மக்களுக்குக் கூறினார்கள். அப்படியும் கடன் அடையவில்லை. எனவே, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் சொன்னார்கள் (முஸ்லிம்).

எனினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நீதிமன்றத்தின் விடுவிப்பு, வசூல் நடவடிக்கையைத்தான் நிறுத்துகிறது. கொடுத்தவர் மனமுவந்து விட்டுக்கொடுக்காத அசல், வசதி வரும்போது திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகவே நிற்கும் என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. மனுச் செய்பவர் இந்த நிய்யத்தோடு செய்யட்டும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகையினர் (9:60). நம் சகோதரர் நீதிமன்றப் படியேறும் முன்பே, வெட்கத்தை விட்டுப் பள்ளிவாசலின் கதவைத் தட்டும் சூழலை நாம் உருவாக்கினோமா?

அல்லாஹ் நம் அனைவரையும் கடனிலிருந்து காப்பானாக!