நிழலை வெட்டிய கைகள்

கறுப்புத் தாளிலே ஒரு முகத்தின் பக்கத் தோற்றத்தைக் கத்தரித்து, வெள்ளை அட்டையில் ஒட்டி, ஓரத்தில் சின்னஞ்சிறு தாட்பூக்களும் ரேந்தைத் தாளும் வைத்து அலங்கரித்த வாழ்த்து மடல்களை நேயர்களுட் பலர் கண்டிருப்பீர்கள், சிலர் செய்துமிருப்பீர்கள். எமது பாடசாலைகளிலும் சித்திர பாடவேளையிலே பிள்ளைகள் இத்தகைய மடல்கள் செய்வதுண்டு. கத்தரிக்கோலும் பசையும் இருந்தாற் போதும், செலவு அற்பம். இந்த அற்பச் செலவுதான் இக்கலைக்குப் பெயரையே தேடிக் கொடுத்தது என்பது பலர் அறியாத செய்தி.

1759ஆம் ஆண்டிலே பிரான்சு தேசம் ஏழாண்டுப் போரில் அகப்பட்டுத் திறைசேரி வற்றிக் கிடந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நிதிப் பொறுப்பை ஏற்றவர் எத்தியேன் த சிலுவெத் என்பவர். செல்வர் மீது வரி விதிக்கவும், பிரபுக்கள் பெற்றுவந்த உபகாரச் சம்பளங்களைக் குறைக்கவும் முற்பட்டார். எட்டு மாதத்தில் பதவி போயிற்று. மலிவான பொருள் எதைக் கண்டாலும், 'இது சிலுவெத் பாணி' என்று பாரிஸ் நகரத்தார் எள்ளி நகையாடத் தொடங்கினர். வர்ண ஓவியம் தீட்டுவிக்கப் பணமில்லாதவர் செய்துகொண்ட நிழலுருவப் படத்துக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. வரி மறந்துபோயிற்று, வசை மட்டும் உலக மொழிகளிலே நிலைத்துவிட்டது.

பெயர் புதிதாயினும் தொழில் பழையது. பிரிந்து செல்லும் காதலனின் முக நிழலை விளக்கொளியிலே சுவரில் வரைந்து வைத்தாள் ஒரு கிரேக்கப் பெண் என்றும், அவள் தந்தையாகிய குயவன் அக்கோட்டின் மீது களிமண் அப்பி உருவம் சமைத்தான் என்றும், உரோம ஆசிரியர் பிளினி ஒரு கதை சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டினரும் ஏறக்குறைய இதையே செய்தனர். ஒருவரை மெழுகுதிரிக்கும் தாளுக்கும் இடையில் இருத்தி, தாளில் விழும் நிழலைக் கோடிட்டு, பின் அதனைச் சிறிதாக்கிக் கறுப்பு மை பூசினர்; அல்லது கத்தரித்தெடுத்தனர். சூரிச் நகரப் போதகர் லவாற்றர் 1775க்கும் 1778க்கும் இடையில் வெளியிட்ட பெருநூலில், முகத்தின் வெளிக்கோட்டைக் கொண்டே ஒருவரின் குணத்தை அறியலாம் என்று சாதித்தார். அக்கொள்கையில் உண்மை இல்லை. ஆனால் நிழலுருவ மோகத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பியதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு.

இத்துறையில் என் மனத்தை மிகவும் ஈர்த்தவர் புகழ்பெற்ற ஓவியர் எவருமல்லர். பிலடெல்பியா நகரிலே அடிமையாக வளர்ந்த மோசஸ் வில்லியம்ஸ் என்பவரே.

சார்ள்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் அந்நகரில் ஓர் அரும்பொருட்சாலை நடத்திவந்தார். மோசசின் பெற்றோர் அவருடைய அடிமைகள். 1786இல் அவர்கள் விடுதலை பெற்றனர். சிறுவனான மகனோ பீலின் வீட்டிலேயே கட்டுண்டிருக்க வேண்டியதாயிற்று. பீல் தம் மைந்தருக்கு ரபாயேல், ரெம்பிராண்ட், தீசியன் என்று பேரோவியர் பெயர்களையே சூட்டி, அவர்கள் கையில் தூரிகையைக் கொடுத்தவர். அதே கூரையின் கீழ் வளர்ந்த மோசசின் கைக்கு வந்ததோ கத்தரிக்கோல்.

1802இல் ஜோன் ஐசாக் ஹோக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் ஆக்கிய முகவரை இயந்திரம் ஒன்றைப் பீலின் அரும்பொருட்சாலைக்கு வழங்கினார். அதற்கு நிழலே வேண்டியதில்லை. பித்தளைக் கோலொன்று முகத்தின் விளிம்பைத் தடவிச் செல்ல, அதனோடு இணைந்த சட்டங்கள் அவ்வசைவைச் சுருக்கி, மடித்த தாளில் இரண்டங்குலத்துக்கும் குறைந்த அளவாகப் பதிக்கும். தாளை இருமுறை மடித்திருப்பதால் ஒரே வெட்டில் நான்கு பிரதிகள் கிடைக்கும். இங்கே ஒரு விநோதம். முகத்தை வெட்டியெடுத்து ஒட்டுவதில்லை. முகத்தை வெட்டி நீக்கிவிட்டு, துளை விழுந்த வெள்ளைத் தாளைக் கறுப்புத் துணியின் மீதோ தாளின் மீதோ வைப்பர். அந்தத் துளையே படம். கழித்துப்போட்ட தலைகளை 'மரமண்டைகள்' என்று வேடிக்கையாக அழைத்தனராம்.

அதே 1802இல் மோசசும் விடுதலை பெற்றார். இயந்திரம் அவர் பொறுப்பிலாயிற்று. வெட்டுக்கூலி எட்டுச் சதம். முதலாண்டிலேயே 8,000க்கு மேற்பட்டோரின் முகங்களை அவர் கத்தரித்தார் என்று பீலின் குறிப்புகளால் அறிகிறோம். இயந்திரம் கோட்டைத்தான் பதிக்கும். கண்ணிமையின் மயிரையும், நெற்றியில் விழும் சுருளையும், உதட்டின் மெல்லிய வளைவையும் உயிரோடு காட்டுவது கையின் வேலை. அவர் ஈட்டிய பொருளால் ஈரடுக்கு வீடொன்று வாங்கினார். முன்னர் அவரோடு ஒரே மேசையில் உண்ண மறுத்த வெள்ளைச் சமையற்காரியையே மணந்தார் என்று பீலின் மகன் ரெம்பிராண்ட் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

எனினும் அப்படங்களில் அழுத்தப்பட்ட முத்திரை அரும்பொருட்சாலையின் பெயரைத்தான் சொல்கிறது. 'மோசஸ் வில்லியம்ஸ், பக்கமுகம் வெட்டுநர்' என்று எழுதப்பட்ட நிழலுருவம் ஒன்று பிலடெல்பியா நூலகக் கழகத்தில் உள்ளது. அதையும் நெடுங்காலம் ரபாயேல் பீலின் கைவேலை என்றே குறித்துவந்தனர். மோசசே தம் முகத்தை வெட்டிக்கொண்டார் என்ற கருத்து அண்மைக் காலத்தில் எழுந்தது. அதுவே பொருத்தமெனக் கருதுகிறேன். ஆயிரக்கணக்கான முகங்களை வெட்டியவர் தம் முகம் ஒன்றை வெட்ட இன்னொருவரை நாடுவாரா?

இயந்திரத்தை அடியோடு வெறுத்தவர் பிரெஞ்சுக்காரர் ஓகஸ்ட் எடுவார். கோடு வரையாமலே, ஆளைப் பார்த்தபடி கத்தரிப்பது அவர் வழக்கம். தாளை மடித்து வெட்டி, ஒன்றைக் கொடுத்து, மற்றதைத் தம் ஏட்டில் ஒட்டிப் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதிவைப்பார். 1849 டிசம்பரில், அமெரிக்காவிலிருந்து திரும்புகையில் கப்பல் கேர்ன்சித் தீவருகே உடைந்தது. அவர் சேர்த்துவைத்த முகங்களுட் பெரும்பாலானவை கடலுக்கிரையாயின. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1839இல், ஒளிப்படக் கலை வெளிப்பட்டு நிழலுருவத் தொழிலின் அடித்தளத்தை அரித்துவிட்டது.

முகப்படம் நலிந்த காலத்தில் வாழ்த்து மடல் வளர்ந்தது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் வந்தது. 1843இல் ஹென்றி கோல் அச்சிடுவித்த கிறிஸ்மஸ் அட்டையின் விலையோ ஒரு சில்லிங், அதாவது பன்னிரண்டு தபால்களின் கட்டணம். ஆகவே கையால் செய்வோருக்கு இடமிருந்தது. தாளை அச்சில் அழுத்தி மேடாக்கி, அம்மேட்டின் முகட்டை அரத்தால் தேய்த்துவிட, ரேந்தை போன்ற துளைத்தாள் கிடைத்தது.

இத்தாளை வைத்து அமெரிக்காவில் ஒரு தொழிலையே அமைத்தவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த எஸ்தர் ஹவ்லண்ட். 1847இல் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்விக்கூடத்தில் பட்டம் பெற்ற அவர், இங்கிலாந்திலிருந்து வந்த காதலர் தின மடல் ஒன்றைக் கண்டு, தாமும் சில மாதிரிகள் செய்தார். தந்தையார் எழுதுபொருள் வணிகர். ஆகையால் தாளுக்குக் குறைவில்லை. 200 டொலருக்கு விற்றால் போதுமென்று எண்ணி அவற்றைச் சகோதரரிடம் கொடுத்தனுப்ப, 5,000 டொலர் பெறுமதியான கட்டளைகளோடு அவர் திரும்பினாராம். உடனே தோழியரை வீட்டு மேல்மாடியில் கூட்டி, ஒருவர் படத்தைக் கத்தரிக்க, ஒருவர் பின்தாள் வைக்க, ஒருவர் பூ ஒட்ட, என வேலையைப் பங்கிட்டார். தாளை விசிறிபோல் மடித்து இடையில் வைத்து, ரேந்தை மேலெழுந்து நிற்கச் செய்தது அவர் கைவண்ணம். வீட்டைவிட்டு வர இயலாத பெண்களுக்குத் தேவையான யாவும் அடங்கிய பெட்டி வீட்டுக்கே போகும். ஒரு வாரத்தில், முடித்த மடல்களோடு திரும்பும்.

நோயுற்ற தந்தையாரைப் பேணும் பொருட்டு, 1881இல் அவர் தொழிலை ஜோர்ஜ் விற்னி என்பவருக்கு விற்றுவிட்டார். அவருடைய மடல்கள் இன்றும் அரும்பொருட்சாலைகளில் உள்ளன. திருப்பிப் பார்த்தால், சிலவற்றின் பின்புறத்தில் சிவப்பு மையில் அவர் பெயரின் முதலெழுத்து மட்டும் தெரியும். பூவை ஒட்டியவளின் பெயர் அதில் இல்லை.