தியோபிலின்

மூணாறை அடுத்த சித்திரபுரத்தில் மலைச்சரிவெங்கும் தேயிலைதான். மூச்சுத்திணறலுக்கான தியோபிலின் என்ற மருந்தின் பெயரிலும் அதே தேயிலை இருக்கிறது.

லத்தீனில் 'தேயா' என்றால் தேயிலைச் செடி. கிரேக்கத்தில் 'பில்லோன்' இலை. குளோரோபில்லில் வரும் 'பில்' இதுவே. இரண்டும் சேர்ந்தால் நம் 'தே + இலை'. தமிழின் 'தே'யும் லத்தீனின் 'தேயா'வும் சீனத்து மின்னான் மொழியின் 'தே' என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 1888இல் ஆல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மானியர் தேயிலைச் சாற்றிலிருந்து இந்த மருந்தைப் பிரித்தெடுத்ததால் வந்த பெயர்.

நீரில் எளிதில் கரையாத இதனுடன் எத்திலீன்டைஅமீன் சேர்த்தது அமினோபிலின். நரம்பு வழியே ஏற்றலாம். கடும் ஆஸ்துமாவில் முதலில் ஆக்சிஜன், சால்பியூட்டமால், இப்ராட்ரோபியம், ஸ்டீராய்டு. பிறகு மெக்னீசியம் சல்பேட். அவற்றுக்கும் மூச்சுக்குழாய் இளகாதபோது, சில மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது அமினோபிலின். ஆனால் தர வேண்டாம் என்பதே இன்றைய உலக வழிகாட்டுதல். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது: வாந்தி, இதயத்துடிப்புக் கோளாறு, வலிப்பு வரை போகும். அதனால் முதல் அளவை உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், 20 நிமிடமாவது எடுத்து, இ.சி.ஜி. பார்த்தபடி ஏற்றுவார்கள். ஏற்கெனவே தியோபிலின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த முதல் அளவு கூடாது. மாத்திரை அட்டையை மறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேநீரில் தியோபிலின் இருப்பது மிகச் சொற்பம். இரைப்பு முற்றியவருக்குக் கட்டஞ்சாயா (பாலில்லாத தேநீர்) கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.