காதிரைச்சல்: காரணம் தேடியோரும் ஆறுதல் தேடியோரும்

புறத்தே ஒலி எதுவும் எழாத வேளையிலும் காதினுள்ளேயோ தலையினுள்ளேயோ இடையறாது கேட்கும் ஓசையைக் காதிரைச்சல் என்பர். வடமொழி வைத்திய நூல்கள் இதனைக் கர்ணநாதம் என வழங்கும். நோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இது ஓர் இடர்ப்பாட்டைத் தருகின்றது. கொள்ளைநோய்க்கு இறப்புப் பதிவேடுகள் உள. அம்மைக்கு வடுக்கள் உள. காதிரைச்சலுக்கோ, மிகச் சில வகைகளை விடுத்தால், அதனைக் கேட்டவர் கூறிய கூற்றேயன்றி வேறு சான்றில்லை. ஆகவே, வைத்தியர் எழுதிய நூல்களையும், இரைச்சலுக்கு ஆளானோர் எழுதிய கடிதங்களையும் தன்வரலாறுகளையும் நாம் ஒருங்கே வைத்து நோக்க வேண்டியுள்ளது. அவ்வாறு நோக்குமிடத்து, காரணத்தைத் தேடிய முயற்சியும் ஆறுதலைத் தேடிய முயற்சியும் நெடுங்காலம் வெவ்வேறு வழிகளிற் சென்றமை புலப்படும். முன்னது பலரை வருத்தியது, ஒருவரையேனும் கொன்றது. பின்னது மிகப் பழைய காலத்திலேயே பயனுள்ள ஒன்றைக் கண்டறிந்திருந்தும் பொருட்படுத்தப்படாமற் கிடந்தது. இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதே ஈண்டு எமது வினாவாகும்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நினெவே நூலகத்திற் சேர்க்கப்பட்ட களிமண் ஏடுகளிலேயே, ஓசையெழுப்பும் காதுகளுக்கு மருந்தும் மந்திரமும் கூறப்பட்டுள்ளன. கி.பி. 1ஆம் நூற்றாண்டினரான உறோமானிய ஆசிரியர் செல்சசு, இரைச்சல் சளியினாலும் வரும், தலையைப் பற்றிய நோயினாலும் வரும் எனக் காரணம் பிரித்து, அதற்கேற்ப மருத்துவமும் வேறுபடல் வேண்டும் என்றார். சுசுருத சங்கிதை செவிநோய்களை 28 எனக் கணக்கிட்டு, பேரிகை, மிருதங்கம், சங்கு முதலியவற்றின் ஒலிபோற் கேட்பதைக் கர்ணநாதம் எனப் பிரித்துக் கூறும். வாயு தன் வழி தவறிச் செவியின் நாளங்களிற் புகுந்து நிற்பதே அதற்குக் காரணமென்பது அந்நூலின் கொள்கை. வாதத்தைத் தணிக்கக் காதில் எண்ணெய் நிரப்பும் முறை அக்கொள்கையிலிருந்தே பிறந்தது. காதுக்கு எண்ணெய் விடும் வழக்கம் எமது நாட்டுப் பரம்பரை வைத்தியத்திலும் நிலைத்திருப்பதை யாவரும் அறிவர்.

செவியினுள் அடைபட்ட காற்றே ஒலிக்கின்றது என்னும் கருத்து ஐரோப்பிய மருத்துவத்திலும் நெடுங்காலம் நிலவியது. இவ்வொற்றுமையைக் கொண்டு, ஒருசாரார் மற்றவரிடமிருந்து கடன் பெற்றனர் என முடிவுகட்டுதல் பொருந்தாது. சங்கையோ வெற்றுக் குடத்தையோ காதருகே வைத்துக் கேட்ட எவர்க்கும் தோன்றக்கூடிய கருத்தே அது.

இனி, அரிசுத்தோத்திலின் பெயரால் வழங்குவதும் அவர் மரபினராற் பின்னர் தொகுக்கப்பட்டதுமான வினாத் தொகுப்பொன்றில் ஒரு சிறு பகுதி உளது. புறத்தே ஓர் ஒலி எழுந்ததும் காதிரைச்சல் நின்றுவிடுதல் ஏன் என அது வினவுகின்றது. பெரிய ஒலி சிறிய ஒலியை விரட்டுவதாலாகலாம் என விடையும் தருகின்றது. இது கருதற்பாலது. காரணம் யாதாயினும் ஆகுக. இரைச்சலைத் தணிக்க மற்றோர் ஒலி உதவும் என்ற அனுபவ உண்மை அங்கே பதிவாகிவிட்டது. ஆயினும் வைத்தியர் இதனைக் கைக்கொண்டாரில்லை. இயற்கையின் புதிர்களை ஆராய்ந்தோரின் வினாவாக இருந்தமையாலோ, நோயை வேரோடு களைவதாக அது உரிமை பாராட்டாமையாலோ, அவ்வுண்மை ஏட்டிலேயே தங்கிவிட்டது.

காற்றுக் கொள்கையின் வழிவந்த மருத்துவமுறைகள் பலவாகும். வேல்சு நாட்டு மித்வை வைத்தியரின் சுவடிகள், அடுப்பிலிருந்து எடுத்த சூடான பாணை இரண்டாகப் பிளந்து இரு காதுகளிலும் வைத்துக் கட்டி வியர்க்கச் செய்யுமாறு விதிக்கின்றன. இது தீங்கற்றது, குளிர்காலத்தில் இதமாகவும் இருந்திருக்கும். ஆனால் அடைபட்ட காற்றுக்கு வழி திறக்க வேண்டும் என்ற தருக்கம் அவ்வளவில் நிற்கவில்லை. 1649இல் பாரிசு நகரத்து உடற்கூற்று அறிஞரான இளைய றியோலான், காதின் பின்னெலும்பிற் சிறு துளையிடலாம் என்ற கருத்தை வெளியிட்டார். 1683இல் டியூ வேர்னே செவியுறுப்புப் பற்றித் தாம் எழுதிய நூலில் அடைபட்ட காற்றென்னும் கொள்கையை மறுத்து, இரைச்சல் காதின் நோய்களாலோ மூளையின் நோய்களாலோ எழுவதென்றார். மூளையை அவர் அன்றே சுட்டியமை வியத்தற்குரியது. எனினும் துளையிடும் எண்ணம் மறையவில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரசிய இராணுவச் சத்திரவைத்தியர் யாசெர், காதின் பின்னெலும்பிற் சீழ் கட்டிய ஒருவருக்கு அவ்வெலும்பைத் திறந்து நலங்கண்டார். சீழை அகற்றுதற்குச் செய்தது இரைச்சலுக்கும் உதவுமெனச் சிலர் நம்பினர். அவ்வாறு நம்பியவருள் ஒருவர் டென்மார்க்கு அரச வைத்தியரான யூசுத்து பொன் பேர்கர். செவிமந்தமும் இரைச்சலும் அவரை வாட்டின. 1791இல் அவர் தாமே விரும்பி அச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார்; சில நாட்களில் மூளையுறை அழற்சி கண்டு இறந்தார். இச்சாவின் பின் அச்சத்திரசிகிச்சையே ஏறத்தாழ 80 ஆண்டுகள் வைத்தியராற் கைவிடப்பட்டது. 1873இல் ஜேர்மனியின் சுவாட்சே அதனை முறைப்படுத்தி மீட்கும்வரை, அதனால் உண்மையிலேயே பிழைத்திருக்கக்கூடிய சீழ்நோயாளரும் அதனை இழந்தனர். அரசனுக்கே மருந்து சொல்லும் கல்வியுடைய ஒருவர், உயிருக்கு ஊறு செய்யாத ஓர் ஓசையை நிறுத்த மண்டையெலும்பிற் துளையிட இசைந்தார் என்பது, அவ்வோசை அவரை எத்துணை வருத்தியிருக்கும் என்பதற்குச் சான்றாகும்.

புதிதாகத் தோன்றிய இரைச்சல் மனிதனை எவ்வாறு தாக்கும் என்பதை றூசோவின் தன்வரலாற்று நூலின் ஆறாம் பாகத்தைப் போல விளக்கிய பிறிதோர் ஆவணத்தை நாம் கண்டிலோம். 1730களிற் சாம்பேரி நகருக்கு அண்மையில் ஒரு நாட்டுப்புற வீட்டில் வாழ்ந்த காலத்தில், ஒருநாட் காலை சிறு மேசையொன்றைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் உடலெங்கும் திடீரெனக் குருதி கொந்தளித்தது. காதுகளிற் பேரிரைச்சல் எழுந்தது. அதனை அவர் நான்காகப் பகுத்துரைக்கின்றார்: கனத்த ஒரு முழக்கம், ஓடும் நீர்போன்ற சலசலப்பு, கூரிய ஒரு சீழ்க்கை, நாடி துடிக்கும் ஒலி. கேட்கும் திறனும் அன்றே குறைந்தது, துயில் நீங்கியது. இறப்பு நெருங்கிவிட்டதென அஞ்சிப் படுக்கையில் வீழ்ந்தார். வைத்தியர் வந்தார், மருந்துகள் கொடுத்தார், பயனில்லை. சில வாரங்களில், தாம் தேறவுமில்லை, மோசமாகவுமில்லை எனக் கண்ட றூசோ எழுந்து தம் அன்றாட வாழ்வுக்குத் திரும்பினார். ஏறத்தாழ 30 ஆண்டுகளின் பின் அந்நூலை எழுதும்போதும் இரைச்சல் ஒரு நிமிடமேனும் நீங்கவில்லை என்கின்றார். ஆனால் அவ்விடைக்காலத்திலன்றோ அவர்தம் பெருநூல்கள் யாவும் பிறந்தன! நோய் தீரவில்லை, நோயோடு வாழும் முறை வந்தது. அதனை எந்த வைத்தியரும் அவருக்குக் கற்பிக்கவில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

பேத்தோவனின் கதை இதற்கு மாறானது. 1801இல் தம் நண்பரும் வைத்தியருமான வெகெலருக்கு எழுதிய கடிதத்தில், காதுகள் இரவும் பகலும் இரைகின்றன என அவர் முறையிடுகின்றார். அப்போது அவருக்கு வயது 30. அக்கடிதம் மருத்துவமுறைகளின் பட்டியல் போலவே அமைந்துள்ளது. ஒருவர் உடலைத் தேற்றும் மருந்தும் காதுக்கு வாதுமை எண்ணெயும் தந்தார். ஒருவர் குளிர்நீர்க் குளிப்பென்றார். பிறிதொருவர் தன்யூபு நதிநீரில் வெந்நீர்க் குளிப்பென்றார். பின்னர் வேரிங்கு என்ற வைத்தியர் இரு கைகளிலும் மரப்பட்டையைக் கட்டிக் கொப்புளம் எழச் செய்தார். அது வலித்ததன்றி, கை ஆறும்வரை பியானோ வாசிக்கவும் இயலாதிருந்தது. வயிறு தேறிற்று, காது தேறவில்லை என எழுதுகின்றார். இசைவல்லுநன் ஒருவன் தன் செவி கெடுகின்றதென எவ்வாறு பிறரிடம் கூறுவது என்ற நாணத்தால் அவர் மனிதரையே தவிர்த்தார். எமது மதிப்பீட்டில், கொப்புளத்தைக் காட்டிலும் அத்தனிமையே அவரை மிகுதியும் வருத்தியது.

1827இல் அவருடலைப் பிரித்து நோக்கிய வைத்தியர், செவிநரம்புகள் சுருங்கியிருந்தமையைக் குறித்தார். அவர் தலைமயிரெனப்படும் இழைகளைக் கொண்டு 2023இல் வெளியான மரபணு ஆய்வு, செவிக்கேட்டின் காரணத்தைக் காட்டவில்லை. 2024இல் இரு மயிர்க்கற்றைகளில் ஈயம் மிகுதியாக இருந்தமை வெளியிடப்பட்டது. ஆயினும் ஈயமே காரணமென்று அதனால் நிறுவப்படவில்லை.

பேத்தோவன் உயிரோடிருக்கையிலேயே, 1821இல், பாரிசில் இத்தாட்டு என்பார் செவிநோய்கள் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். செவிப்புலனற்றோருக்கான கல்விநிலையத்தின் வைத்தியராகிய அவர், இரைச்சலை நீக்குதல் பலவேளை இயலாதென வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதன் பின்னரே அவர்தம் சிறப்பான அறிவுரை வருகின்றது. துயிலற்றோர் அறையில் ஈரவிறகிட்டுச் சடசடக்கும் தீ மூட்டுக. நீராலைக்கு அண்மையில் வாழ்வோர்க்கு ஆறுதலுண்டு என்பதை அறிக. பண்டைய கிரேக்க வினாத் தொகுப்பிற் கிடந்த உண்மை ஈராயிரம் ஆண்டுகளின் பின் வைத்தியநூலில் இடம்பெற்றது. ஆயினும் காரணத்தைக் காண்பதே மருத்துவத்தின் பெருமையெனக் கருதிய அந்நூற்றாண்டு, விறகையும் நீராலையையும் மருந்தென மதிக்கவில்லை. செக்கு நாட்டு இசைஞர் சிமெத்தனா 1874இற் செவிப்புலன் இழந்தபோதும் வைத்தியர் பலரை நாடி வீணே அலைந்தார். 1876இல் தாம் இயற்றிய நரம்பிசை நால்வர் படைப்பின் இறுதிப் பகுதியில், தம் காதிற் கேட்ட அக்கூரிய தொனியை வயலினின் உச்ச சுரமாகவே அமைத்தார். பிறர் கேட்க இயலாத ஓசையை அவையோர் கேட்கச் செய்தமை இந்நோயின் வரலாற்றிற் தனித்து நிற்கின்றது.

காரணந் தேடியோருக்கு உறுதியான சான்றொன்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1820இற் பிரித்தெடுக்கப்பட்ட கொயினா, மிகுதியாக உட்கொண்டவர்க்குக் காதிரைச்சலை உண்டாக்கிற்று; நிறுத்தியதும் பெரும்பாலும் நீங்கிற்று. எமது நாட்டுக்கும் இதனோடு தொடர்புண்டு. 1861இல் அக்கலையில் நடப்பட்ட சிங்கோனா, கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலைநாட்டிற் சிலகாலம் பரவலாகப் பயிரிடப்பட்டது. 1934-35இல் இத்தீவைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயின்போது கொயினா ஊர்தோறும் வழங்கப்பட்டது. நலமுள்ள செவியிலும் ஒரு மருந்து ஓசையை எழுப்புமாயின், அடைபட்ட காற்றுக்கு அங்கே இடமில்லை.

அடுத்த இரு சான்றுகள் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து கிடைத்தன. 1953இல் எல்லரும் பேர்க்மனும் செவிக்குறையற்ற 80 பேரை ஒலிபுகாத அறையில் இருத்தியபோது, 94 வீதத்தினர் ஏதோ ஓர் ஓசையைக் கேட்டதாகக் கூறினர். பேரமைதி மருந்தன்று, இரைச்சலை வெளிப்படுத்துவதே அது. பின்னர், செவிநரம்புக் கட்டிக்காகச் சத்திரசிகிச்சை பெற்றோரை ஆராய்ந்ததில், நரம்பு அறுபட்ட பின்னும் பலருக்கு இரைச்சல் தொடர்ந்தமை தெரியவந்தது. பெருஞ்சத்தத்தாலோ முதுமையாலோ மருந்தாலோ உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் கெட, குறைந்துபோன செய்தியை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனைக் கூட்டுவதாலேயே ஓசை எழுகின்றதென்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கமாகும். 1990இல் யசுதிரெபோவ் வெளியிட்ட கொள்கை, அச்சமும் கவனமும் அவ்வோசையைப் பெருக்கும் வழியை விளக்கிற்று.

காரணந் தேடியோர் இவ்வாறு மூளையை வந்தடைந்த அக்காலத்திலேயே ஆறுதல் தேடியோரின் வழியும் மருத்துவமனைக்குள் இடம்பெற்றது. 1970களில் ஒறிகன் மாநிலத்துப் போர்த்துலந்து நகரில் யக்கு வேர்ணன், மென்மையான இரைச்சலைத் தரும் சிறு கருவியைக் காதில் அணியச் செய்தார். நீரூற்றொன்றின் அருகே நின்றபோது தம் காதிரைச்சல் கேளாதிருந்ததை நோயாளர் ஒருவர் உணர்ந்தமையே அதற்குத் தூண்டுதலாயிற்று என்பர். இத்தாட்டின் நீராலையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. செவிமந்தமுடையோர்க்குக் கேட்புக் கருவியும், துயரைக் குறைக்க அறிகை நடத்தைச் சிகிச்சையும் இன்று பயன்படுகின்றன. பின்னது ஓசையின் அளவைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. அதனால் விளையும் துன்பத்தையே குறைக்கின்றது. இரைச்சலை முற்றாக நீக்கும் மாத்திரை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

காரணத்தை விரைந்து தேட வேண்டிய நிலைகளும் சில உள. குறும்பி அடைத்தலால் வரும் இரைச்சல் அதனை அகற்ற நீங்கலாம். நாடித்துடிப்போடு ஒத்து ஒலிப்பதும் ஒரு காதில் மட்டுமே நிலைப்பதும் ஆராயப்பட வேண்டியவை. றூசோவுக்கு நேர்ந்ததுபோல இரைச்சலோடு கேட்கும் திறனும் திடீரெனக் குன்றுமாயின், இன்றைய வைத்தியர் அதனை அவசர நிலையாகவே கொள்வர். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் செவிப்புலன் மீளும் வாய்ப்புக் கூடலாம்.