பெரம்பூர் வழக்கும் தொழிற்சங்கச் சட்டமும்

முன்பணம் பெற்றுக்கொண்ட தொழிலாளி ஒப்பிய வேலையை முடிக்காது நின்றுவிட்டால் அவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்று ஒரு சட்டம் நம் நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. அது 1859 ஆம் ஆண்டின் 13 ஆவது சட்டம். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களை எண்ணி இயற்றப்பட்ட அது, நாளடைவில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் வரை பரவிற்று. முதலாளி முறையிட்டால் மாஜிஸ்திரேட், பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையைச் செய்து முடிக்குமாறோ கட்டளையிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஒப்பந்தம் என்பது இருவர் செய்துகொள்வது. ஆயினும் பேசிய கூலியைத் தராத முதலாளியைச் சிறைக்கு அனுப்ப அச்சட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

நம் குடியிருப்பில் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நாள்தோறும் சென்றுவரும் அன்பர்கள், தாங்கள் உறுப்பினராயுள்ள தொழிற்சங்கம் சட்டத்தின் நிழலில் நிற்பதை இயல்பான ஒன்றாகவே கருதுவர். அந்நிழல் கிடைத்த வரலாற்றில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு.

பெரம்பூரை அடுத்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பின்னி கம்பெனியாரின் நிருவாகத்தில் இருந்தவை. 1911 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர உழைப்பை அனுமதித்தது. நண்பகல் இடைவேளையோ அரை மணி. கைகால் கழுவி, உணவுண்டு, சங்கு ஊதுமுன் மீள்வது எங்ஙனம்? தொழிலாளரின் முதற்குறைகளுள் ஒன்று இதுவே. சோறு உண்ண நேரம் வேண்டும் என்பதினின்றே பெரிய கிளர்ச்சி பிறந்தது என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

அக்குறைகளைக் கேட்டவர்கள் அப்பகுதியில் பக்திச் சபையொன்றை நடத்திவந்த வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் ஆவர். அவர்கள் அன்னி பெசன்ட் அம்மையாரின் அணியைச் சார்ந்த பி. பி. வாடியாவை நாடினர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவர். வாடியா பம்பாயிற் பிறந்த பார்சி. பிறந்த ஊரை விட்டு வந்த ஒருவர் சென்னைத் தொழிலாளிக்குத் தலைவரானார் என்பது, வேற்றூரில் வாழும் நமக்கு இனிக்கும் செய்தியே.

1920 ஆம் ஆண்டின் இறுதியில் ஆலையில் பூசல் முற்றிக் கதவடைப்பு நேர்ந்தது. டிசம்பரில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அவ்வேளையில் கம்பெனியார் வாடியா மீதும் பிறர் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளர் எங்களோடு ஒப்பந்தம் உடையவர். அதனை முறிக்குமாறு இவர்கள் தூண்டினர். எமக்கு நேர்ந்த நஷ்டத்தை இவர்களே ஈடு செய்யவேண்டும் என்பது வாதம். நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கிற்று. இங்கிலாந்தில் 1906 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வழக்கினின்று தொழிற்சங்கத்தாரைக் காத்தது. அச்சட்டம் இங்கே செல்லாது. வேலைக்குப் போகாதீர் என்று சொன்ன வாய்க்கு விலை கேட்கப்பட்டது! முடிவில் வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்று விலகுவது என்ற உடன்பாட்டின் மேல் வழக்கு ஓய்ந்தது. 1921 இல் மீண்டும் மூண்ட வேலைநிறுத்தமும் புளியந்தோப்பில் நேர்ந்த துயரங்களும் வேறொரு கதை. ஈண்டு விரிப்பிற் பெருகும்.

வழக்கின் அதிர்ச்சி சென்னையோடு நிற்கவில்லை. 1921 மார்ச்சில் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். தீர்மானம் நிறைவேறியது, சட்டம் வர ஐந்தாண்டுகள் ஆயின. 1926 இல் இயற்றப்பட்டு 1927 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, வாடியா நின்ற இடத்தில் இனி எவரும் நிற்க வேண்டாதபடி செய்தது. தொழிற்றகராறு காரணமாக ஒருவர் வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார் என்பதற்காகவே பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிருவாகிகள், உறுப்பினர் மீதோ உரிமையியல் வழக்குச் செல்லாது என்றது அது. 1859 ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ அதே காலத்தில், 1926 ஏப்ரலில், மறைந்தது.

காப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. சங்கப் பணத்தைச் சட்டம் குறித்த காரியங்களுக்கே செலவிடவேண்டும். தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். உறுப்பினன் கேட்டால் கணக்கேட்டைக் காட்டவேண்டும். நிருவாகிகளுட் பாதிப்பேரேனும் அத்தொழிலில் உழைப்பவராய் இருத்தல் வேண்டும். எஞ்சிய பாதியில் வாடியா போன்ற வெளியாருக்கு இடம் வைத்தது சட்டத்தின் நல்லறிவு என்றே கூறுவேன். ஆனால் அடிதடியும் சொத்தழிவும் காப்பினுள் அடங்கா.

முதலாளியின் கடமைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1923 இல் விபத்துக்கு நஷ்டஈடு. 1936 ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தின்படி, ஆயிரம் பேருக்குக் குறைந்த இடத்தில் ஏழாம் நாளுக்குள்ளும், ஏனைய இடத்தில் பத்தாம் நாளுக்குள்ளும் சம்பளம். அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படலாகாது. 1946 இல் வந்த நிலையாணைச் சட்டம், நூறு பேருக்குக் குறையாத இடங்களில் வேலை விதிகளை எழுத்தில் வைக்கச் செய்தது.

ஒரு பெருங்குறை மட்டும் நீடித்தது. சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதனோடு பேசியே ஆகவேண்டும் என்று முதலாளியை 1926 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டவில்லை. 1947 இல் அதற்கென ஒரு திருத்தம் இயற்றப்பட்டும் நடைமுறைக்கு வரவேயில்லை. 2020 இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. தொழிலாளருள் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்ற சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கமாக ஏற்க அது வழிசெய்கிறது. முன்பு பொதுப்பயன் தொழில்களுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பை எல்லாத் தொழிலகங்களுக்கும் விரித்திருப்பதும் அதுவே. அறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாள் கழியாமல் வேலையை நிறுத்தலாகாது.