அணுவின் கருவை எண்ணிக் கண்டவர்கள்

"அப்பா, அணுவையே கண்ணால பார்க்க முடியாதுன்னா, அதுக்கு நடுவுல கரு இருக்குன்னு யாரு பார்த்தாங்க?" என்று என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் கேட்டாள். நல்ல கேள்வி. அவளுடைய பாடத்தில் ரூதர்ஃபோர்டு, தங்கத் தகடு, ஆல்ஃபா துகள் என்று நாலு வரிதான் இருந்தது. அந்த நாலு வரிக்குப் பின்னால் பல வருஷ உழைப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி கண்ணுக்குக் கொடுத்த வேலை. இந்த மலரைப் படிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். அணுவைப் பிளக்கவே முடியாது என்ற பழைய நம்பிக்கை அதோடு போயிற்று. ஆனால் எலக்ட்ரானுக்கு இருப்பது எதிர்மின்சுமை. முழு அணுவுக்கோ சுமையே இல்லை. அப்படியானால் அதைச் சரிக்கட்டும் நேர்மின்சுமை எங்கே ஒளிந்திருக்கிறது? அது அணு முழுவதும் பரவிக் கிடக்கிறது, அதற்குள்ளே எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றார் தாம்சன். தர்பூசணியும் விதையும் என்று பள்ளியில் சொல்வார்களே, அதுதான். 1904-இல் ஜப்பானில் நாகவோகா என்பவர் வேறு மாதிரி சொன்னார்: நடுவே ஒரு கனத்த கோளம், சுற்றிலும் சனிக்கிரக வளையம் போல எலக்ட்ரான்கள். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நியூசிலாந்தில் பிறந்த ரூதர்ஃபோர்டு 1907-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். உதவியாளர் ஹான்ஸ் கைகர் ஜெர்மனிக்காரர். பின்னால் வந்து சேர்ந்த நீல்ஸ் போர் டென்மார்க்காரர். பிழைக்கவும் படிக்கவும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நிறைந்த ஆய்வுக்கூடம் அது. நமக்கு இது புதுசா என்ன!

ரேடியத்திலிருந்து தெறிக்கும் ஆல்ஃபா துகள், துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் பட்டால் ஒரு சின்ன மினுக்கம் தெரியும். அந்தக் காலத்து ரேடியம் கைக்கடிகாரத்தின் முள் இருட்டில் ஒளிர்ந்ததும் இதே சங்கதிதான். இந்த மினுக்கங்களை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இருட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகே எண்ணத் தொடங்கலாம். ரூதர்ஃபோர்டு தாமும் முயன்று பார்த்துவிட்டு, இரண்டே நிமிஷத்தில் திட்டிக்கொண்டே எழுந்துவிட்டதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கைகரோ இரவு முழுக்க விட்டுவிட்டு எண்ணக்கூடிய மனிதர்.

1909-இல் எர்னஸ்ட் மார்ஸ்டன் என்ற இருபது வயது மாணவருக்கு ஒரு பயிற்சி வேலை தேவைப்பட்டது. உலோகத் தகட்டில் பட்டு ஆல்ஃபா துகள் ஏதாவது திரும்பி வருகிறதா, பார் என்றார் ரூதர்ஃபோர்டு. வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. வந்தது! பிளாட்டினத் தகட்டில் மோதிய துகள்களில் சுமார் 8,000-க்கு ஒன்று திரும்பி வந்தது. தஞ்சாவூர்ப் படங்களில் ஒட்டுகிற தங்க ரேக்கு போன்ற மெல்லிய தகட்டில்கூடச் சில துகள்கள் திரும்பின.

பார்த்தது 1909-இல், ஆனால் அதன் பொருள் புரிய இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பாடப்புத்தகம் தாண்டிப் போய்விடுகிற இடம் இதுதான். தாம்சன் சொன்ன அணுவில் துகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகும். சின்னச் சின்ன விலகல்கள் சேர்ந்து ஒரு துகளை அப்படியே திருப்பிவிட முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்க நிகழ்தகவு தெரிய வேண்டும். 1908-லேயே நோபல் பரிசு வாங்கியிருந்த ரூதர்ஃபோர்டு, ஹொரேஸ் லாம்பின் வகுப்பில் மாணவரோடு மாணவராக உட்கார்ந்து அதைக் கற்றார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது. கணக்கு ஒத்துவரவில்லை. ஒரே மோதலில் துகள் திரும்ப வேண்டுமானால், அணுவின் மின்சுமையும் எடையும் நடுவில் ஒரு துளி இடத்தில் குவிந்திருக்க வேண்டும். தங்க அணுவின் கருவை ஒரு கடுகு என்று வைத்தால், முழு அணு சுமார் 40 மீட்டர் அகலமுள்ள கல்யாண மண்டபம், மீதியெல்லாம் வெற்றிடம்.

1911 மே மாதம் கட்டுரை வெளிவந்தது. அதில் நாகவோகாவையும் மறக்காமல் குறிப்பிட்டார். ஆனாலும் பரபரப்பு எதுவும் இல்லை. அதே வருஷம் பிரஸ்ஸல்ஸில் பெரிய விஞ்ஞானிகள் கூடிய சால்வே மாநாட்டில் ரூதர்ஃபோர்டும் இருந்தார். இந்தக் கருவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கைகரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மினுக்கங்களை எண்ணி, கணக்கு சரி என்று 1913-இல் காட்டினார்கள். சுற்றும் எலக்ட்ரான் ஏன் கருவில் விழவில்லை என்பதற்கு அதே வருஷம் போர் ஒரு விடை தந்தார். கருவின் மின்சுமையே தனிமத்தின் வரிசை எண் என்பதை மோஸ்லி எக்ஸ் கதிர்களால் காட்டினார். இத்தனை இருந்தும், கருவைக் கண்டதற்கென்று யாருக்கும் நோபல் பரிசு கிடைத்ததில்லை.

1914-இல் உலகப் போர் மூண்டது. சேர்ந்து எண்ணிய இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள்: கைகர் ஜெர்மன் பீரங்கிப் படையில், மார்ஸ்டன் பிரிட்டிஷ் படையில். 1915 ஆகஸ்ட் 10 அன்று கலிப்போலியில் மோஸ்லி சுடப்பட்டு இறந்தார்; வயது 27. பெர்லினில் கைகரிடம் வேலை செய்துகொண்டிருந்த மான்செஸ்டர் மாணவர் ஜேம்ஸ் சாட்விக், எதிரி நாட்டவர் என்று பிடிக்கப்பட்டு, போர் முடியும்வரை ஒரு குதிரைப் பந்தய மைதானத்தின் லாயத்தில் அடைபட்டுக் கிடந்தார். கருவுக்குள் புரோட்டானோடு நியூட்ரானும் இருக்கிறது என்று 1932-இல் கண்டுபிடித்தவர் அவர்தான்.