ஓங்கிலும் ஒரு சுற்றறிக்கையும்

2013-ஆம் வருஷம் மே மாதம் இந்தியாவைப் பற்றி ஒரு செய்தி உலகம் பூராவும் சுற்றி வந்தது. இந்திய சர்க்கார் டால்பின்களை 'மனிதரல்லாத நபர்கள்' என்று ஒப்புக்கொண்டு சட்டம் செய்துவிட்டதாம். அந்நிய நாடுகளில் பலருக்கு நம்மீது மரியாதை கூடிவிட்டது. வந்த மரியாதையைத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கும் இஷ்டமில்லைதான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். செய்தியில் பாதி நிஜம். மீதிப் பாதி, வாய் மாறி வாய் போகும்போது ஒட்டிக்கொண்டது.

அந்த மாதம் 17-ஆம் தேதி டில்லியிலுள்ள மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் மாநில சர்க்கார்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின்களின் நடத்தையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் பலர், அவற்றின் அபாரமான அறிவை உத்தேசித்து அவற்றை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும், அவற்றுக்கென்று உரிமைகள் இருக்க வேண்டும் என்று அபிப்பிராயப்பட்டிருப்பதாக அதில் கண்டிருக்கிறது. 2010-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில் அறிஞர்கள் சிலர் கூடி, திமிங்கில இனங்களுக்கு ஓர் உரிமைப் பிரகடனம் தயாரித்ததிலிருந்து இந்தப் பேச்சு பலமாக அடிபட்டுக்கொண்டிருந்தது. சுற்றறிக்கை அந்த அபிப்பிராயத்தை எடுத்துச் சொன்னதே ஒழிய, தானாக யாருக்கும் பட்டம் சூட்டவில்லை. அதற்கு அடுத்து வருவதுதான் உத்தரவு. வியாபாரக் கேளிக்கைக்காகவோ, காட்சிக்கு வைப்பதற்காகவோ, ஜனங்கள் கூடப் பழகி விளையாடுவதற்காகவோ டால்பினையும் திமிங்கிலத்தையும் பிடித்து வந்து அல்லது இறக்குமதி செய்து நிலையம் நடத்த யார் அனுமதி கேட்டாலும், சர்க்கார் ஸ்தாபனமே கேட்டாலும், மாநிலங்கள் மறுத்துவிட வேண்டும்.

இந்தத் தடைக்காக வாதாடியவர்கள் மறக்காமல் சுட்டிக் காட்டிய உதாரணம் எது தெரியுமா? நம் ஊர்தான்.

1990-களின் கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில் 'டால்பின் சிட்டி' என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. கருங்கடல் ஓரத்து நாடான பல்கேரியாவிலிருந்து டால்பின்களை வரவழைத்துத் தொட்டியில் விட்டு வித்தை காட்டினார்கள். சாலைக்கு ஒரு பக்கம் வங்காள விரிகுடா. அதில் டால்பின் இல்லாமல் இல்லை. நம் மீனவர்கள் அதை ஓங்கில் என்பார்கள். கட்டுமரக்காரர்களுக்கு அது அதிசயமே அல்ல. நம் கடல் ஓங்கிலைப் பிடித்தால் குற்றம். அந்நிய தேசத்து ஓங்கிலுக்கு அனுமதிச் சீட்டு இருந்தால் போதும். அப்படிக் கடல் கடந்து வந்த பிராணிகள், கடலுக்குப் பக்கத்திலேயே, ஆறு மாதங்களுக்குள் செத்துப் போயின.

டால்பின் விஷயத்தில் பார்க்கிறவர்களை ஏமாற்றுகிற சமாசாரம் ஒன்று உண்டு. அதன் தாடை அமைப்பே சிரித்த முகம்போல் இருக்கும். பசித்தாலும், காய்ச்சல் கண்டாலும், உயிர் போனாலும் அந்தச் சிரிப்பு மாறாது. டிக்கட் வாங்கி வந்து உட்கார்ந்த குழந்தைகளுக்கு அது சந்தோஷமாகத்தானே தெரிந்திருக்கும்? அதுவோ மீன் அல்ல, நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுகிற ஜந்து. அந்த மூச்சையும் நினைத்து நினைத்து விடவேண்டும். தூக்கத்தில்கூட மூளையில் ஒரு பாதி விழித்திருக்கும். தான் எழுப்பும் சப்தம் திரும்பி வருவதைக் கொண்டே பாதையும் இரையும் கண்டுகொள்ளும். நாளெல்லாம் மைல் கணக்கில் நீந்தித் திரிகிற அதற்கு, நாலு சுவருக்குள் எந்தப் பக்கம் குரல் கொடுத்தாலும் பதிலுக்குச் சுவர்தான்.

சிறைப்பட்ட கடல் பிராணி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1959-லேயே மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு கடற்பசுக்கள் இருந்தன. ராமேசுவரம் பக்கத்தில் ஆவுளியா என்பார்கள். அப்போது நிலையத்தின் தலைவராக இருந்த எஸ். ஜோன்ஸ் அந்த ஜோடியைப் பற்றி அதே ஆண்டு கட்டுரை எழுதினார். கடற்பசு சைவம், கடலடியில் முளைக்கும் புல்தான் ஆகாரம். வளர்ந்த ஒன்று நாளைக்கு முப்பது, நாற்பது கிலோகூடத் தின்னும். அத்தனை புல்லையும் கடலிலிருந்து பறித்து வந்து போட வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் போட்டார்கள், அவையும் பிழைத்திருந்தன. அந்த நாளில் வலையில் விழுந்த கடற்பசு சாதாரணமாகப் போய்ச் சேரும் இடம் இறைச்சிக் கடை. அதைத் தடுக்கச் சட்டமும் கிடையாது. மண்டபத்துச் சிறையை நான் மெச்சவில்லை. ஆனால் சட்டம் இல்லாத காலத்துத் தொட்டியில் பத்து வருஷம், சட்டங்கள் மலிந்த காலத்துத் தொட்டியில் ஆறு மாதம் என்ற கணக்கு மனத்தை விட்டுப் போகவில்லை.

சட்டங்கள் மலிந்த காலம் என்றேன். அதன் மூலபுருஷர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், பிராணி வதைக்கு எதிராகத் தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரதம மந்திரி நேரு, சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று சொல்லி அதை வாபஸ் வாங்கச் செய்தார். 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் பிறந்தது. ருக்மிணி தேவிதான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமை அலுவலகம் நெடுநாள் சென்னையில், கடைசியாகத் திருவான்மியூரில் இருந்தது. நான் குடியிருக்கும் கோபாலபுரத்திலிருந்து ஒரு பஸ் தூரம். பிற்பாடு ஹரியானாவுக்குப் போய்விட்டது.

அந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, எந்தெந்தப் பிராணியை வித்தைக்குப் பழக்கக்கூடாது என்று அறிவிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1998 அக்டோபரில் அப்படி ஒரு ஜாபிதா வெளியாயிற்று: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம். சர்க்கஸ்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு ஜாபிதா செல்லும் என்றது. ஆக, டால்பின் சிட்டிக்கு டால்பின் வந்த அதே காலத்தில், சிங்கத்துக்குக் கூடாரத்திலிருந்து விடுதலை கிடைத்தது. ஓங்கிலின் பெயர் ஜாபிதாவில் இல்லை. அதை எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் நாட்டில் வித்தை என்றால் சர்க்கஸ் கூடாரம். தண்ணீரில் சர்க்கஸ் நடக்கும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றப்போகிறது?

1972-ல் நாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செய்தோம். கடற்பசு அதன் முதல் அட்டவணையிலேயே இடம் பெற்றது. அதே ஆண்டு அமெரிக்காவும் கடல் பாலூட்டிகளுக்கென்று தனிச் சட்டம் செய்தது. ஆனால் பொதுக் காட்சிக்கென்று அனுமதி வாங்கிக்கொள்ள அதிலேயே வழி வைத்துவிட்டது. நம் சட்டத்தில் 1991-ல் ஒரு திருத்தம் வந்தது: ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் மிருகக்காட்சிசாலை நடத்தக்கூடாது. ஜனங்கள் பார்ப்பதற்காகப் பிராணிகளை அடைத்து வைக்கும் இடம், ஒரே ஊரில் இருந்தாலும் ஊர் ஊராகச் சுற்றினாலும், மிருகக்காட்சிசாலைதான். டால்பின் தொட்டியும் இதில் அடக்கம். 2013 சுற்றறிக்கைக்கு உள்ள பலமெல்லாம் இந்த ஒரு பிடியில்தான் இருக்கிறது.

அது வெளிவரக் காரணம், கொச்சி முதலிய இடங்களில் புதிதாக டால்பின் நிலையம் கட்டப் போட்ட திட்டங்கள். பிராணி நேசர்கள் ஊர்வலம் போனார்கள், மனுப் போட்டார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே திருவான்மியூர் வாரியம் மாநிலங்களுக்கு எழுதி ஆட்சேபித்தது. நாலே மாதத்தில் டில்லியிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. நம் சர்க்கார் அலுவலக வேகத்துக்கு இது மின்னல்.

கானடாக்காரர்கள் இதே காரியத்தைப் பார்லிமெண்டில் செய்தார்கள். 2015-ல் மசோதா வந்து 2019-ல்தான் சட்டமாயிற்று. ஏற்கெனவே தொட்டியில் இருந்தவை தொட்டியிலேயே இருக்கலாம் என்று சலுகையும் கொடுக்க வேண்டியதாயிற்று. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே வந்தவைதான் முன்பே செத்துவிட்டனவே. ஆனால் கானடாவின் சட்டத்தை மாற்றப் பார்லிமெண்டு கூட வேண்டும். நம்முடைய சுற்றறிக்கையை ரத்து செய்ய இன்னொரு சுற்றறிக்கை போதும். இதுவரை அப்படி ஒன்று வரவில்லை.

'மனிதரல்லாத நபர்' என்ற சொல், 1960-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குள் இன்னும் நுழையவில்லை. பிராணி என்றால் என்ன என்பதற்கு அதில் கொடுத்திருக்கும் விளக்கம் இன்றைக்கும் அதேதான்: மனிதனைத் தவிர்த்த எந்த ஜீவனும்.